அத்தை வாபஸ் வாங்கிய புகார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் நெஞ்சில் சளி கட்டாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கைகால் சுகத்தோடு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் பேசினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும், எதிராளி யாராக இருந்தாலும் கடைசியில் எனக்குத் தலையாட்டிவிட்டுத்தான் போனை வைப்பான், நீயும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இந்த விஷயத்தில் நீ எனக்குத் தலையாட்டக் கூடாது. பேப்பரில் எழுதினால் என் வாய் அவ்வளவாக வேலை செய்யாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ கேட்டாயே, அத்தை ஏன் என் போனை எடுப்பதே இல்லை, அவளுடைய சலவைக்கூடம் எப்படி ஓடுகிறது என்று, அதற்கு நான் என்ன சொன்னேன், அவளுக்கு மூச்சுவிட நேரமில்லையப்பா, லாட்ஜுக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்றேன். பச்சைப் பொய். சலவைக்கூடம் மூடிப் பல மாதம் ஆகிறது. கிணறு வற்றிவிட்டது. கிணறு வற்றியதற்கு நான் காரணமில்லை, ஆனால் வற்றிய கிணற்றுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தண்ணீரைக் கிடைக்கவிடாமல் செய்தது நான்தான். இதை முழுக்க எழுதிவிடுகிறேன், பாதியில் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிறேன் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

நம் தெருவுக்குப் பின்னால் வெளிநாட்டுக் கடனில் பெரிய ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், அதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது என்று சொன்னபோது நீ என்னைவிடச் சந்தோஷப்பட்டாய். கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனையாம், அக்கம்பக்கத்து ஜனங்கள் என்ன குறை சொன்னாலும் கேட்டு எழுதிக்கொள்ள அதே இடத்து ஆள் ஒருவர் இருக்க வேண்டுமாம். நகராட்சியில் இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட்டவள் நான், இந்த வட்டாரத்தில் என் கையில் வீறிட்டு அழாத பிள்ளை கிடையாது, அதனால் ஊசியக்காதான் சரியான ஆள் என்று கூப்பிட்டார்கள். தகரப் பெட்டி மாதிரி ஒரு ஆபீஸ், அதில் எனக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, எதிரில் புகார் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வேலி முழுக்கப் பச்சை நிறத்தில் படம், இது பசுமைக் கட்டிடம், கூரையில் சூரிய மின்சாரம், மழைநீர் ஒரு சொட்டுக்கூட வீணாகாது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகும்போது எனக்கு என்ன பெருமை தெரியுமா, நானே அந்தக் கட்டிடத்தைக் கட்டுகிற மாதிரி நடப்பேன். உன் அப்பாகூட, மேடம் வர்றாங்க, எல்லாரும் வழிவிடுங்க என்று வாசலில் நின்று கிண்டல் செய்வார்.

முதலில் நல்லபடியாகத்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புழுதி பறக்கிறது என்றார்கள், லாரிக்குத் தார்ப்பாய் கட்ட வைத்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லாரி வரக் கூடாது என்றார்கள், நிறுத்த வைத்தேன். ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் இன்னும் தீராத புகார் எத்தனை என்று எழுதியிருப்பார்கள், ஒன்று தீர்ந்தால் ஒன்றைக் குறைப்பார்கள், பூஜ்யம் வந்த அன்றைக்கு மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டுக் கைதட்டச் சொல்லுவார். என் வயதுக்கு அந்தக் கைதட்டலுக்கு ஏங்கினேன் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு அந்தப் பூஜ்யம் பைத்தியமாகவே பிடித்துவிட்டது.

பிறகுதான் கிணறு விஷயம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கீழே கார் நிறுத்த இரண்டு அடுக்குக்குப் பள்ளம் தோண்டினார்கள், அந்த ஆழத்தில் நிலத்தடித் தண்ணீர் குபுகுபுவென்று வரும், பள்ளத்தைச் சுற்றிக் குழாய் இறக்கி ராத்திரி பகலாக மோட்டார் போட்டு இறைத்துத் தெருச் சாக்கடையில் விட்டார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சுற்று வட்டாரத்துக் கிணற்றிலெல்லாம் தண்ணீர் இறங்கியது. நம் வீட்டில் நகராட்சிக் குழாய் இருக்கிறது, அதனால் எனக்கு உறைக்கவில்லை. உன் அத்தைக்கு எல்லாமே அந்தக் கிணறுதான். ஒருநாள் அவள் ஆபீஸுக்கே வந்துவிட்டாள், நான் எழுந்து வா வா என்றால், இல்லை மேடம், நான் புகார் கொடுக்க வந்திருக்கேன் என்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் முறையாக உட்கார்ந்து, என் கிணத்துத் தண்ணியை உங்க மோட்டார் குடிக்குது, எழுதிக்கோங்க என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

எழுதியதை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன். நெட்டையாக இருப்பான், நம் வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டானே என்று உனக்குச் சொன்னேனே, அந்தப் பையன்தான். அவன் எதையும் மறைக்கவில்லை, பாவம். மோட்டாரை இப்ப நிறுத்தினா கீழ இருக்கற தண்ணி அடித்தளத்தைத் தூக்கிடும் அம்மா, தொட்டித் தண்ணியில வெறும் பாத்திரத்தை அமுக்கிப் பிடிச்சுட்டுக் கையை எடுத்தா என்ன ஆகும், அந்த மாதிரி, மேல நாலு மாடி ஏறி வெயிட் வந்தாத்தான் நிறுத்தலாம் என்றான். அப்படியானால் இந்த ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அதற்கும் வழி இருக்கிறது என்றான், இறைக்கிற தண்ணீரில் ஒரு பங்கை வேலி ஓரமாக ஆழ்குழாய் போட்டுத் திரும்ப மண்ணுக்குள்ளேயே விட்டால் அக்கம்பக்கத்துக் கிணறு ஓரளவு தாக்குப்பிடிக்கும், திட்டத்திலேயே அது இருக்கிறது, ஆனால் கிணறு பாதிக்கப்பட்டதாகப் புகார் வந்து, அது குறிப்பிட்ட காலத்துக்குமேல் தீராமல் நின்றால்தான் கடன் கொடுத்தவர்கள் கவனத்துக்குப் போகும், அவர்கள் சொன்னால்தான் மேலாளர் செய்வார், செலவாகுமே என்றான். ஒரு புகார் திறந்தே கிடந்தால் போதும். அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும், காதில் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஆனால் பலகையில் ஒன்று என்று எழுதியிருந்ததே, அது என் கண்ணை உறுத்தியது. மேலாளரும் போகிற போக்கில், என்ன, உங்க சொந்தக்காரங்களையே உங்களால சமாளிக்க முடியலையா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. வாய் சாமர்த்தியம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஒரு கெட்ட வஸ்து. அன்றைக்குச் சாயங்காலமே அத்தை வீட்டுக்குப் போனேன், அவள் போட்ட டீயைக் குடித்தேன், அவளோடு உட்கார்ந்து துணி மடித்தேன், மடித்துக்கொண்டே பேசினேன். நம்ம ஆஸ்பத்திரிதானே, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா எங்க ஓடுவோம், கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, மாடி ஏறினதும் தண்ணி தானா ஏறிடும், நான் உள்ளேயே இருக்கேன்ல, உன்னை விட்டுடுவேனா என்று. ஊசி போடும்போது பிள்ளைகளிடம் சொல்லுவேனே, வலிக்கவே வலிக்காதுடா கண்ணா என்று, அதே குரல். அவள் ஆழ்குழாயைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்பதற்கு அவளுக்கு அது தெரிந்தால்தானே, நானும் சொல்லவில்லை. நீங்க சொன்னா சரி அண்ணி என்று கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வரும்போது கேசத்தில் காற்று படுவதுபோல அவ்வளவு லேசாக இருந்தது எனக்கு. சீ, என்ன ஜென்மம் நான்.

அப்புறம் அவளைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை, அவங்க நாத்தனாரே பொறுத்துக்கிட்டாங்க, நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது, மூன்றாவது மாடியிலேயே எதற்கோ நிறுத்தி வைத்துவிட்டார்கள், மோட்டார் மட்டும் நிற்கவில்லை. அத்தையின் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. டேங்கர் தண்ணீர் வாங்கித் துவைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர், விரிப்பெல்லாம் மஞ்சளடித்துப்போய் லாட்ஜுக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவளோடு வேலை செய்த இரண்டு பெண்களும் கலங்கிக்கொண்டே போனார்கள். மாமா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று அவள் உண்டாக்கிய தொழில் அது, நான் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தபோது உன்னை அந்தத் துணி மூட்டைகளின்மேல்தான் தூங்க வைத்திருப்பாள். இவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது பேசியிருப்பேன்.

இதற்குமேல் எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிறேன், கேட்டுக்குப் பக்கத்தில் லாரிகள் வெளியே போகும்போது டயரில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிடுகிற இடம் இருக்கிறது, தெரு அசிங்கமாகாமல் இருக்க நானே கேட்டு வாங்கிய வசதி அது. அங்கே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆம்பிளைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஒரு பொம்பிளை ஹோஸ் பிடித்து டயர் கழுவிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தை. எப்போது சேர்ந்தாள், யாரிடம் கேட்டாள், எதுவும் எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள், என் கிணத்துத் தண்ணி எங்க போச்சோ எங்க போச்சோன்னு தேடிக்கிட்டு இருந்தேன் அண்ணி, பாருங்க, ஆளு இங்க வந்து ஜம்முனு லாரிக்கு டயர் கழுவிக்கிட்டிருக்கு, சரி, அது இருக்கற இடத்துக்கு நாமளே வந்துடுவோம்னு வந்துட்டேன் என்றாள். பக்கத்தில் நின்ற டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் பூட்ஸ் ஒன்று கிழிந்து உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டேன்.

அன்றிலிருந்து உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், உப்பு வேண்டுமென்றால் டிவியைப் பார்த்து உப்பு என்கிறார். முழங்கால் வலியோடு தினமும் காலையில் நம் குழாயில் இரண்டு கேன் தண்ணீர் பிடித்துச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வருகிறார். நான் பிடித்துக் கொடுத்தால் அந்தக் கேனைக் கீழே வைத்துவிட்டு வேறு கேனில் பிடிக்கிறார். அதற்கு நான் கோபப்படக்கூட முடியவில்லை, அவர் செய்வது சரி.

இதற்கு நடுவில் கடன் கொடுத்தவர்கள் கட்டிடத்தைப் பார்வையிட வருகிறார்கள் என்று சேதி வந்தது. புகார் கொடுத்து அது தீர்ந்து திருப்தியாக இருக்கிற ஒருவரோடு அவர்கள் பேச வேண்டுமாம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, உங்க நாத்தனாரையே கூட்டிட்டு வந்துடுங்க, இப்ப நம்மகிட்டதானே வேலை பாக்கறாங்க, நல்லாவும் பேசுவாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க என்றார். நீங்க சொன்னா கேப்பாங்க. அவளும் அன்றைக்கு இதைத்தானே சொன்னாள், நீங்க சொன்னா சரி என்று. நேராக டயர் கழுவும் இடத்துக்குப் போனேன், அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முதல்முறையாக ஆழ்குழாய் விஷயத்தையும் சொல்லி, அன்றைக்கே எனக்கு இது தெரியும் என்பதையும் சொல்லி, நீ மறுபடி புகார் கொடு, இந்தத் தடவை யார் சொன்னாலும் வாபஸ் வாங்காதே என்றேன். ஏதோ பெரிய பரிகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அவள் ஹோஸை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு வாங்கினேன், இன்னைக்கு நீங்க சொல்றீங்கன்னு குடுக்கணுமா, குடுத்தா நாளைக்கு இந்த வேலையும் போகும், அதுக்கும் ஒரு சமாதானம் வெச்சிருப்பீங்க, எனக்குன்னு ஒரு வாய் இருக்கா இல்லையா அண்ணி என்றாள். சத்தமே போடவில்லை. லாரி வந்து நின்றது, ஹோஸைத் திறந்துகொண்டு போய்விட்டாள். முகத்தில் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு யாரையும் எதுவும் கேட்காமல் நானே போய் உட்கார்ந்தேன், என் நாற்காலியில் இல்லை, எதிரில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில். இன்ஜினியரைக் கூப்பிட்டு, புகார் எழுதிக்கோப்பா, தெருவுல கிணறெல்லாம் வத்திப்போச்சு, தண்ணியைத் திரும்ப மண்ணுக்குள்ள விடணும் என்றேன். புகாரை எழுதிக்கொள்கிற வேலையில் இருப்பவரே புகார் கொடுக்க முடியாது அம்மா என்றான், அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்படின்னா நான் வேலையில இல்லை என்று சாவியை மேசைமேல் வைத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு, என் தலையைத்தான் உருட்டப் போறாங்க என்றான், பிறகு எழுந்து அவனே பலகையில் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினான். பார்வையிட வந்தவர்கள் அதைப் பார்த்துக் கேட்டார்களாம், அவனும் கேட்டதற்குப் பதில் சொன்னானாம். இப்போது வேலி ஓரமாகத் துளை போடுகிறார்கள். துளை போடுகிற வண்டி வெளியே போனபோது அதன் டயரையும் அத்தைதான் கழுவினாள், நான் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அவள் திரும்பவே இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வறண்ட மண் தண்ணீரைக் குடித்து முடிக்கவே நாளாகுமாம், கிணறு ஊறுமா, ஊறினாலும் பழைய ருசியில் இருக்குமா, யாருக்கும் தெரியவில்லை. கிணறு திரும்பினாலும் லாட்ஜுக்காரர்கள் திரும்புவார்களா. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், பிரசவ வலியோடு ஆட்டோவில் அலைந்த பெண்களை என் கண்ணால் பார்த்தவள் நான், அது சீக்கிரம் எழும்பட்டும். அதைக் கட்ட உன் அத்தையின் கிணற்றைக் காலி செய்துதான் ஆக வேண்டும் என்று இருக்கவில்லையே, வழி இருந்ததே, அந்த வழியில் நான்தானே சிரித்த முகத்தோடு உட்கார்ந்துகொண்டிருந்தேன். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நீயும் அங்கே பெரிய பாலம் கட்டுகிற இடத்தில் இருக்கிறாய், உன் கேட்டுக்கு யாராவது வந்து நின்றால் முதலில் உட்காரச் சொல், அவர்கள் பேசி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே, அவர்கள் சத்தம் அடங்கிப் போனால் பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்படாதே. என் வாய் உனக்கும் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

மற்றபடி அக்கா வீட்டில் எல்லாரும் சுகம், சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து பேச்செல்லாம் காற்றாகப் போகிறது, அதற்காக வாயை மூடுவாள் என்று பார்க்கிறாயா, அவள் என் பேத்தி. மாடி ஒழுகலை அப்பா தானே பூசினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நீ பனியில் வெறும் தலையோடு நிற்காதே, ஹெல்மெட்டுக்குள் குல்லா போட்டுக்கொள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பேச்சை நிறுத்திய மனுஷன் ஒருநாள் டிவியைப் பார்த்துச் சொன்னார், அவனை விட்டு அவகிட்ட பேசச் சொல்லு, அவன் சொன்னா மனசு இறங்குவா என்று. எனக்கும் அதேதான் தோன்றியது, உன் குரலைக் கேட்டால் அவள் உருகிவிடுவாள், நீ என்ன சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் சின்ன வயது ஞாபகத்தை எடுக்க வேண்டும் என்றுகூட மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன். பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதனால் கேட்டுக்கொள், அத்தைக்குப் போன் செய், அவள் எடுக்காவிட்டால் மறுநாளும் செய், அவள் உன் அத்தை, அவள் என்ன சொன்னாலும் கேள், என்னைத் திட்டினால் அதையும் கேள். ஆனால் எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. அம்மா பாவம், வயசாயிடுச்சு, மன்னிச்சுடு அத்தை என்று தப்பித்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, நீ சொன்னால் அவள் சரி என்றுவிடுவாள், அதுதான் எனக்குப் பயம். நோய்நொடி அண்டாமல், நல்ல பெயரோடு, கட்டுகிறவர்களும் கடக்கிறவர்களும் வாழ்த்தும்படி நீ நீண்ட நாள் இரு. இந்த வீட்டில் நான் பேசிப் பேசி மூடியது போதும், என்மேல் அவளுக்கு இருக்கிற புகார் அவளாக மூடுகிறவரை திறந்தே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா